புகைக்குப் பின்னால் ஒரு விளக்கு

போன மாதம் பேத்தி நான்கு நாள் லீவில் வந்திருந்தாள். சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். வந்த மறுநாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, நீங்க ஸ்டுடியோவுல வேலை பார்த்தவர்தானே? ஆளும் புகையும் சேர்ந்து வர்ற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுக்கணும். எனக்குப் புகையே விழ மாட்டேங்குது."

போனில் காட்டினாள். மாடலாக நின்ற தோழியின் முகம் பளிச்சென்று இருந்தது. புகை இருக்க வேண்டிய இடத்தில், துடைக்காத கண்ணாடி மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் நான் எடுத்த படமும் அச்சாக இப்படித்தான் இருந்தது.

நான் கல்லூரி பிசிக்ஸ் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது இதைப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தேன். 1970-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு சேர்ந்தேன். பெருக்குவது, ஹைப்போ கரைப்பது, பிரிண்ட் கழுவுவது என்று தொடங்கி, கேமராவைத் தொட மூன்று வருஷம் ஆயிற்று. அந்தக் கால ஸ்டுடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பின்னால் அரண்மனைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த திரை. ஒரு மர நாற்காலி. சீப்பு, பவுடர் டப்பா, ரசம் போன கண்ணாடி. முன்பக்கம் இரண்டு பக்கமும் ஐந்நூறு வாட் பல்பு ஒவ்வொன்று. உட்கார்ந்தவர் கண் கூசி அழாத குறையாகப் பார்ப்பார். "சிரிங்க" என்போம்.

1974 கோடையில் என் சித்தப்பா ஸ்டுடியோவுக்கு வந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். சிவாஜி ரசிகர். 'சாந்தி' படத்தில் சிவாஜி சிகரெட்டும் கையுமாக நடக்கும் காட்சியை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அதே மாதிரி தனக்கும் ஒரு படம் வேண்டும் என்றார். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். எனக்குத் துணிச்சல் வந்தது.

வழக்கம் போல முன்னால் இரண்டு விளக்கையும் போட்டேன். சித்தப்பா இழுத்து ஊதினார். யாஷிகாவில் நான்கு படம் எடுத்தேன். ராத்திரி கழுவிப் பார்த்தால் நான்கிலும் புகை இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு, பல்வலிக்காரர் மாதிரி சித்தப்பா மட்டும் இருந்தார். பின்னால் பூந்தொட்டி.

மறுநாள் முதலாளி நெகடிவைத் தூக்கிப் பார்த்தார். ஒரு ஆர்வோ பிலிம் சுருளில் பன்னிரண்டு படம்தான் எடுக்கலாம். அதில் நான்கு போயிற்று. திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்தில் சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டுவிட்டு, அந்தத் தூபக்காலை அப்படியே ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்து முக்காலி மேல் வைத்தார். முன்பக்க விளக்கைப் போட்டார். புகை இருந்த மாதிரியே தெரியவில்லை. அதை அணைத்துவிட்டு, தூபக்காலுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் ஒரு விளக்கை இறக்கி வைத்துப் போட்டார். அதே புகை வெள்ளிக் கம்பி மாதிரி சுருண்டு சுருண்டு எழுந்தது.

"முகத்துக்கு முன்னாலேருந்து அடி. புகைக்குப் பின்னாலேருந்து அடி. ரெண்டுக்கும் ஒரே விளக்கு ஆகாதுடா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை மறுபடி வரச் சொன்னோம். அரண்மனைத் திரையைச் சுருட்டிவிட்டு, அவருக்கு ஆறடி பின்னால் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டோம். கம்பளி மேல் ஒரு துளி வெளிச்சமும் விழக் கூடாது. விழுந்தால் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும், புகையும் அதில் கரைந்துவிடும். ஒரு ஐந்நூறு வாட் விளக்கை அவருடைய இடது தோளுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில் வைத்தோம். அதன் வெளிச்சம் நேராக லென்ஸில் பாயாமலிருக்க, பிரிண்டிங் பேப்பர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைப்பு வைத்தோம். இன்னொரு விளக்கை முன்னால், வலது பக்கம், நன்றாகத் தள்ளி வைத்தோம். கண்ணும் மூக்கும் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் போதும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலையும் சாத்தினோம். சித்திரை மாத வெயில். மூன்று பேரும் குளித்தது போல் வேர்த்தோம்.

எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்துவிட்டு முதலாளி சாப்பிடப் போனார். போகும்போது, "சிகரெட் சும்மா கையில இருந்தா போதும். புகைக்குச் சாம்பிராணியைக் கீழே வச்சுக்க" என்று சொல்லித்தான் போனார். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. நிஜமாக ஊதினால்தான் அழகு என்றார். எனக்கும் அதுதான் ஆசை.

புகை சொன்ன பேச்சைக் கேட்காது. ஊதின உடனே பிடித்தால் ஒரே வெள்ளைக் கட்டியாக முகத்தை மறைக்கும். கொஞ்சம் பொறுத்தால் விரியும். இன்னும் பொறுத்தால் காணாமல் போகும். ஷட்டர் மெதுவாக இருந்தால் பால் மாதிரி வழவழவென்று விழும். சுருளும் இழையும் தெரிய வேண்டுமானால் அறுபதில் ஒரு விநாடியாவது வேண்டும். இரண்டு மூன்று சிகரெட்டுக்குப் பிறகு அறை முழுக்கப் புகை நின்று, கறுப்பெல்லாம் வெளுத்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்து, மறுபடி சாத்தினேன். சித்தப்பா இருமினார். "இன்னும் ஒண்ணு சித்தப்பா, இப்ப வந்துரும்" என்றேன். மொத்தம் ஏழு சிகரெட், எட்டுப் படம். கடைசிப் படம் வந்தது. முகம் பாதி இருட்டில். காதோரமும் தாடை ஓரமும் மெல்லிய வெளிச்சக் கோடு. வாயிலிருந்து கிளம்பிய புகை நெற்றிக்கு மேலே விசிறியாக விரிந்திருந்தது. அந்த வருஷம் முழுக்க ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் அந்தப் படம் இருந்தது.

பின்னால் விளக்கு வைத்தால் ஏன் புகை எரிகிறது என்பது, 1978-ல் கல்லூரி லேபில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இருட்டறையில் ஒரு ஒளிக்கற்றையை விட்டு, டிண்டால் விளைவைப் பையன்களுக்குக் காட்டுவோம். ஜான் டிண்டால் அயர்லாந்தில் பிறந்தவர். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியராக இருந்தார். 1870 ஜனவரியில் தூசியையும் நோயையும் பற்றி அங்கே ஒரு பிரசங்கம் செய்தார். வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் காற்று முழுக்கத் தூசி மிதக்கிறது என்பதை ஒரு ஒளிக்கற்றையை வைத்துக் காட்டினார். அந்தக் கற்றைக்குக் கீழே ஒரு சுடரை வைத்தபோது, வெளிச்சத்துக்குள் கறுகறுவென்று புகை எழுவது போலத் தெரிந்தது. அது புகை இல்லை. தூசி எரிந்துபோன, சுத்தமான காற்று! வெளிச்சத்தைச் சிதறடிக்கத் தூசி இல்லாததால் அந்த இடம் இருட்டாகத் தெரிந்தது. வெளிச்சம் தானாக நம் கண்ணுக்குத் தெரியாது, எதன் மேலாவது பட்டுத் திரும்பினால்தான் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சிகரெட் புகையின் துகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியது. அவ்வளவு சிறிய துகள் மேல் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்புவது கொஞ்சம்தான். பெரும்பகுதி, போகிற திசையிலேயே சற்று விலகிச் சிதறும். அதனால் விளக்கு கேமரா பக்கம் இருந்தால் கேமராவுக்குக் கிடைப்பது சில்லறை. விளக்கு புகைக்கு அந்தப் பக்கம் இருந்தால் முழுச் சம்பளம். சிகரெட் நுனியிலிருந்து எழும் புகை நீலமாகவும், வாயிலிருந்து வரும் புகை வெள்ளையாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நுனிப்புகையின் துகள் மிகச் சிறியது, நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். உள்ளே போய் வந்த துகள் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும். அப்போது எல்லா நிறத்தையும் சிதறடிக்கும்.

புகையைப் படம் பிடிப்பதையே ஆராய்ச்சியாகச் செய்தவர் பிரான்சைச் சேர்ந்த எத்தியன் ஜூல் மாரே. உடலியல் அறிஞர். பறவை பறப்பதையும் மனிதன் ஓடுவதையும் ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதித்துக் காட்டியவர். 1899-லிருந்து 1901 வரை அவர் புகை இயந்திரங்களைச் செய்தார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே பின்பக்கம் கறுப்பு வெல்வெட், காற்றை இழுக்க ஒரு விசிறி, மேலிருந்து சம தூரத்தில் இறங்கும் புகை இழைகள். கடைசி இயந்திரத்தில் 57 இழைகள். நடுவில் ஒரு கட்டையையோ வளைந்த தகட்டையோ வைத்து, மக்னீசியத்தைப் பளிச்சென்று எரித்துப் படம் எடுத்தார். காற்று ஒரு பொருளை மோதி எப்படி வளைகிறது, பின்னால் எப்படிச் சுழிக்கிறது என்பது கோலம் போட்ட மாதிரி தெரிந்தது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பரில். அதற்கு முன்பே மாரே காற்றைக் கண்ணால் பார்த்துவிட்டார். எங்கள் முதலாளி மாரேயின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த வெல்வெட்டும் எங்கள் கறுப்புக் கம்பளியும் ஒரே வேலையைத்தான் செய்தன.

ஆளையும் புகையையும் சேர்த்து எடுத்த படங்களில், உலகத்தில் மிகவும் பேர்போனது ஒரு அமெரிக்க ஜாஸ் கலைஞரின் படம். எடுத்தவர் ஹெர்மன் லியோனார்ட், 1923-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் போட்டோகிராபராகச் சேரப் போனார். டெவலப்பரில் என்னென்ன கலக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்தப் பரீட்சையில் தோற்றார். மயக்க மருந்து கொடுக்கும் வேலையில் போட்டு, பர்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்து படிப்பையும் முடித்த பிறகு, கனடாவில் யூசுப் கார்ஷிடம் சுமார் ஒரு வருஷம் உதவியாளராக இருந்தார்.

கார்ஷ் யார் என்று சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவா பாராளுமன்றத்தில் சர்ச்சிலைப் படம் எடுக்க நின்றவர். சர்ச்சில் சுருட்டை எடுக்க மறுத்தார். கார்ஷ் "மன்னிக்கவும்" என்று சொல்லி, சர்ச்சிலின் வாயிலிருந்தே சுருட்டைப் பிடுங்கிவிட்டு ஷட்டரை அமுக்கினார். அந்தக் கோப முகம்தான் உலகம் முழுக்கப் பரவிய சர்ச்சில் படம். குரு சுருட்டைப் பிடுங்கிப் பேர் வாங்கினார். சிஷ்யர் புகையை விட்டுவைத்துப் பேர் வாங்கினார்.

1948-ல் லியோனார்ட் நியூயார்க்கில் ஸ்டுடியோ திறந்தார். ராத்திரியானால் ஜாஸ் கிளப்புகளுக்குப் போவார். கையில் ஸ்பீட் கிராபிக் என்ற பெரிய கேமரா, நான்குக்கு ஐந்து அங்குல பிலிம். ஒவ்வொரு தாளாகப் போட்டு எடுக்க வேண்டும். நம் யாஷிகா மாதிரி பன்னிரண்டு படம் எடுக்கும் வசதிகூடக் கிடையாது. அவரிடம் இருந்தது இரண்டு விளக்கு. அதில் ஒன்றை ஆளுக்குப் பின்னால் வைப்பார். ராயல் ரூஸ்ட் என்ற கிளப்பில் டெக்ஸ்டர் கார்டன் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு, வாசிப்புக்கு நடுவில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, நிமிர்ந்த முகம். ஊதிய புகை பின்விளக்கில் பட்டு, மேகம் போல் எழும்பி நின்றது. லியோனார்ட் அமுக்கினார். அவ்வளவுதான். இன்றைக்கு ஜாஸ் என்றால் பலர் கண்முன் வருவது அந்தப் படம்.

அதே 1948-ல் அவர் எடுத்த இன்னொரு படம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். லெஸ்டர் யங் என்ற கலைஞரின் படம். ஆனால் படத்தில் லெஸ்டர் யங் இல்லை. அவருடைய தட்டைத் தொப்பியும், வாத்தியப் பெட்டியும், எரிந்துகொண்டிருக்கும் சிகரெட்டின் புகையும் இருக்கின்றன. பார்த்தவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்தது.

2005-ல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சூறையாடியபோது லியோனார்டின் வீட்டில் வெள்ளம் புகுந்து, ஆயிரக்கணக்கான பிரிண்டுகள் போயின. நெகடிவ்களை அங்கிருந்த அருங்காட்சியகத்தின் பெட்டகத்தில் முன்கூட்டியே சேர்த்திருந்ததால் அவை பிழைத்தன. 2010-ல் இறக்கும் வரை அவற்றிலிருந்து மறுபடி பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தார். நெகடிவைப் பத்திரமாக வையுங்கள் என்று எங்கள் முதலாளி சொல்லாத நாள் கிடையாது.

நம் நாட்டில் இந்த வித்தையின் உச்சம் ஸ்டில் போட்டோவில் இல்லை, சினிமாவில் நடந்தது. குரு தத்தின் 'காகஸ் கே பூல்', 1959. ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி, மைசூர்க்காரர். லியோனார்டும் டெக்ஸ்டர் கார்டனும் பிறந்த அதே 1923-ல் பிறந்தவர். அந்தப் படத்தின் ஒரு பாட்டில், இருண்ட சினிமா ஸ்டுடியோவின் நடுவே மேலிருந்து ஒரு வெளிச்சத் தூண் சாய்வாக இறங்கும். எந்த விளக்காலும் அப்படி இணையான கற்றை கிடைக்கவில்லை. மூர்த்தி இரண்டு பெரிய கண்ணாடிகளை வைத்தார். ஒன்று வெளியே வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்பியது. மற்றொன்று அதை வாங்கிக் கீழே இறக்கியது. சூரியனே விளக்கு. ஆனால் அங்கும் காற்றில் மிதக்கும் துகள்கள் இல்லையென்றால் தரையில் ஒரு வட்டம் மட்டும்தான் தெரிந்திருக்கும், தூண் தெரிந்திருக்காது. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கூரையின் கண்ணாடி ஓடு வழியே, அடுப்படிப் புகையில் இறங்கும் வெயில் அதேதான். சின்னப் பிள்ளையில் அதைக் கையால் பிடிக்கப் பார்க்காதவர் யார்? மூர்த்திக்கு அந்தப் படத்துக்காகப் பிலிம்பேர் விருது கிடைத்தது. பிற்பாடு தாதாசாகேப் பால்கே விருதும் கிடைத்தது. ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

டெக்ஸ்டர் கார்டன் பிறகு ஒரு படத்தில் நடித்து, ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். 1990-ல் இறந்தார். சிறுநீரகம் செயலிழந்திருந்தது, குரல்வளையில் புற்றுநோயும் இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் படத்தை முன்போல் ரசித்துப் பார்க்க முடியவில்லை.

என் சித்தப்பா 1998-ல் போனார். நுரையீரல். ஒரு சிகரெட் பெட்டி என்பது இரண்டாகி, கடைசி வருஷத்தில் நான்கு படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுவார். காரியத்துக்கு முன்னால் மாலை போடப் படம் வேண்டும் என்று சித்தி கேட்டார். கல்யாணப் படத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தார்கள். மற்றதெல்லாம் கும்பல். தனியாக, முகம் தெளிவாக இருந்தது நான் எடுத்தது ஒன்றுதான்.

"அந்தக் கருமத்தை மட்டும் எடுத்துடுப்பா" என்றார் சித்தி.

நானே தூரிகையை எடுத்தேன். கையும் சிகரெட்டும் விழாமல் மார்பளவில் ஒரு பிரிண்ட் போட்டு, கறுப்புச் சாயத்தால் புகையை இழை இழையாக மூடினேன். நெற்றியிலிருந்து தொடங்கி வாய் வரைக்கும் இறங்கி வந்தேன். 1974-ல் ஒரு மதியம் முழுக்கக் காத்திருந்து பிடித்ததை அழிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு அவரை ஏழு சிகரெட் பிடிக்க வைத்ததும், அவர் இருமியபோது "இன்னும் ஒண்ணு" என்று நான் சொன்னதும் அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த ஏழால் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சிநேகிதர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். அழித்த படத்தை மறுபடி படம் எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். சித்தி வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கிறது. லெஸ்டர் யங் படத்தில் ஆள் இல்லை, புகை இருக்கிறது. எங்கள் சுவரில் ஆள் இருக்கிறார், புகை இல்லை.

பேத்தி கதைக்கு வருகிறேன். அன்று மாலை கூடத்தில் கறுப்புப் போர்வையைக் கட்டினோம். என்னையே மாடலாக உட்காரச் சொல்லிவிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் முக்காலியில் பாட்டியின் தூபக்கால். அதற்கும் பின்னால், அட்டை மறைப்போடு, எமர்ஜென்சி லைட். முகத்துக்கு வெள்ளைத் துண்டு போர்த்திய டார்ச். மின்விசிறியை நிறுத்தினோம். சாம்பிராணிப் புகையும் மூச்சுக்கு நல்லதல்ல என்பதால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரு தடவையில் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சன்னலைத் திறந்துவிட்டோம். மூன்றாவது தடவையில் வந்தது. துள்ளினாள்.

அதற்குப் பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, 1974-ல் போட்ட பழைய பிரிண்டை எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். காதோர வெளிச்சத்தைப் பார்த்து, "பின்னாடி இடது பக்கம் லைட்டு" என்று சரியாகச் சொன்னாள்.

பிறகு கேட்டாள்: "சூப்பரா இருக்காரே, யாரு தாத்தா இவரு?"

சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அந்தச் சுவரில் மாலையோடு இருக்கும் படத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள்.